உள்ளது உள்ளபடி

“வாங்க வர்றவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விரிசல் இருக்குன்னு.”

“நமக்கு வித்தவன் சொன்னானா?” என்றார் வாடகைக்காரர், பிரஷ்ஷைக் கழுவியபடியே.

சொல்லிப் பார்த்த மனைவி பெயின்ட் டப்பாவை மூடி வைத்தாள். இப்படி ஒரு நியாயத்தைக் கேட்ட பிறகு யார்தான் பேச முடியும்?

கூட்டம் கூடும் இடங்களுக்கு நாற்காலி, மேசைகளை வாடகைக்கு விடுவது அவர் தொழில்; அதனால்தான் ஊருக்கு அவர் ‘வாடகைக்காரர்’. அவற்றை ஏற்றிப்போக, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புரோக்கரிடம் பழையதாக வாங்கியிருந்தார். போன வாரம் கழுவும்போது, காரோடு கொக்கி மாட்டும் முன்பக்க இரும்புக் குழாயில் பெயின்ட் பெயர்ந்து விழுந்தது. பெயின்டுக்குக் கீழே, மாவாகக் குழைத்துப் பூசிய பட்டி. பட்டிக்குக் கீழே நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

அன்று அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! “மனுஷனா அவன்? நடுரோட்டுல கழண்டு ஓடியிருந்தா யார் உயிர் போயிருக்கும்?” என்று தெருவே கேட்கக் கத்தினார். அந்தப் பட்டியை வைத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று மனைவி தன் பங்குக்குச் சாபம் விட்டாள்.

முழுதாக இரண்டு நாள் கொதித்தார். மூன்றாம் நாள் கடைக்குப் போய், ஒரு டப்பா பட்டியும் அதே நீலத்தில் பெயின்டும் வாங்கி வந்தார். கூடவே போட்டோவோடு ஒரு விளம்பரமும் கொடுத்தார்: ‘குறை ஒன்றும் இல்லாத டிரெய்லர் விற்பனைக்கு.’

சின்ன லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவரின் கைகள் முழுக்கத் தீப்பொறி பட்ட வடுக்கள்.

“வெல்டிங் பட்டறை வச்சிருக்கேண்ணே. போட்டோவுல பின்கதவு நெளிஞ்சிருந்துச்சு. அதைப் பார்த்ததும் ஓடி வந்தேன்.”

நெளிசலைப் பார்த்து ஓடி வருகிற ஆளை வாடகைக்காரர் இப்போதுதான் பார்க்கிறார். ஆனால் பட்டறை என்ற வார்த்தையைக் கேட்டதும் முன்பக்கக் குழாயை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இரும்போடு குடித்தனம் நடத்துகிறவனா வந்து சேர வேண்டும்?

பட்டறைக்காரர் டயரைத் தட்டினார். பலகையில் ஏறி நின்று குதித்தார். முன்பக்கக் குழாயை விரலால் ஒருமுறை தடவினார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விலகியது.

“பெயின்ட் புதுசா இருக்கே?”

“வண்டி எனக்குப் பிள்ளை மாதிரி தம்பி. அப்பப்போ அடிச்சு விடுவேன்.”

“நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்காண்ணே?”

“இருந்தா மறைப்பேனா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

தண்ணீர் கொண்டுவந்த மனைவியிடமும் பட்டறைக்காரர் விடவில்லை. “அக்கா, நீங்க ஏதாவது சொல்லணுமா?”

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் வானத்தைப் பார்த்தார். “எனக்கு என்னங்க தெரியும், எல்லாம் அவர்தான்” என்று அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

வாடகைக்காரர் தயாராக வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். ‘உள்ளது உள்ளபடி, நன்றாகப் பார்த்து, திருப்தியோடு வாங்கிக்கொண்டேன். இனி எது நடந்தாலும் விற்றவர் பொறுப்பல்ல.’

“படிச்சுட்டுப் போடுங்க தம்பி. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க.”

“படிக்க வேண்டியதில்லைண்ணே. நானும் ஒருத்தர்கிட்ட இப்படி எழுதி வாங்கினவன்தான்.”

கையெழுத்து விழுந்தது. கேட்ட விலையை, பேரம் பேசாமல் அப்படியே கொடுத்தார். இவ்வளவு ஏமாளியாக இருந்துகொண்டு எப்படித்தான் பட்டறை நடத்துகிறான் என்று வாடகைக்காரருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. பணம் சட்டைப் பைக்குள் போனதும் அந்தப் பரிதாபம் போன இடம் தெரியவில்லை.

“அண்ணே, ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா?” பட்டறைக்காரர் லாரியிலிருந்து கட்டிங் மெஷினை இறக்கினார்.

“எதுக்குத் தம்பி?”

“ரெண்டா வெட்டித்தான் லாரில ஏத்தணும்.”

“பைத்தியமா உங்களுக்கு? கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போக வேண்டியதுதானே? தங்கமான வண்டி!”

“பின்னால ஸ்கூட்டர்ல யாராவது வருவாங்கண்ணே.”

அவர் அளக்கவில்லை, தேடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, நான்கு நாள்கூட ஆகாத பெயின்டின் மேல், விரிசல் இருந்த அதே இடத்தில் பிளேடை வைத்தார். பட்டி மாவாக உதிர்ந்தது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

வாடகைக்காரர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். “அ… அந்த இடம் உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?”

“அதுல முதல்ல பட்டி வச்சவனே நான்தாண்ணே. புரோக்கர் கைக்குப் போனப்புறம் வண்டி யார்கிட்ட இருக்குன்னே தெரியல, அந்த நெளிஞ்ச கதவைப் போட்டோவுல பார்க்கிற வரைக்கும். ரெண்டு வருஷமா, எங்க விபத்துன்னு கேட்டாலும் ‘டிரெய்லரா?’ன்னுதான் முதல்ல கேட்பேன். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லைண்ணே, நீங்க என்கிட்டயே வித்துட்டீங்க.”