பச்சைப் பொத்தான்

இருபது முகப் பகடை உருண்டு போய் பல் டாக்டரின் காபிக் கோப்பையில் முட்டி நின்றது. பதினெட்டு.

பாறை அரக்கனின் தண்டாயுதம் உயர்ந்துவிட்டது. அது இறங்கினால் சட்டத்தின் வீரன் அவ்வளவுதான்.

சட்டம் என்பது அந்த மேசையில் அவனுக்கு வைத்திருந்த பெயர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கிளினிக்கைச் சாத்திவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம் அது. டாக்டர் கதையை நடத்துவார். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு கதாபாத்திரம். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் அவன் ஒருவன்தான். தனக்குப் பாதகமான விதியைக்கூடத் தானே எடுத்துக் கொடுக்கிற ஆள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்றைக்கு அந்தப் பெருமையால் பயனில்லை.

வீரன் செத்தால் குகை வாசலில் நிற்க ஆளில்லை. எல்லோரும் காலி, ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடிந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி வேறு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். கத்தல் கூச்சல் எதுவும் இல்லை. இந்த ஆட்டம் முடிகிற வரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள், அவனும் தலையாட்டினான். புது வீட்டுச் சாவி அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. கைப்பை அவன் காலடியில் இருந்தது.

எதிரே இருந்த கொழுந்தியாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மாமாவின் வீரனைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

“அக்கா தன்னோட முறை வந்தப்ப ஒண்ணுமே செய்யல டாக்டர். அப்ப மாமாவுக்காகக் காத்திருக்கான்னுதானே அர்த்தம்?”

“பொத்தான் வெக்காம காத்திருந்தா அது காத்திருக்கறது இல்லம்மா. சும்மா இருக்கறது.”

பொத்தான் வந்தது போன வருடம். அன்றைக்கு மனைவியின் வில்லாளி ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டாள். அடி விழுவதற்கு முன்பே விலகுவதாகச் சொல்லிவிட்டேன் என்றாள் மனைவி. இல்லை, பகடை விழுந்த பிறகுதான் சொன்னாள் என்று சாட்சி சொன்னது வேறு யார், சட்டம்தான். உண்மையும் அதுதான். வில்லாளி செத்தாள். வீடு திரும்பும் பேருந்தில் மனைவி வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

இனிமேல் வாய் வார்த்தையே வேண்டாம் என்று டாக்டர் ஆளுக்கொரு நிறத்தில் சட்டைப் பொத்தான் கொடுத்தார். தன் முறையைச் செலவழிக்காமல் வைத்திருந்து ஒருவரைக் காக்க நினைத்தால், அவருடைய தாளில் பொத்தானை வைக்க வேண்டும். பகடை விழும் முன் வைத்தால், அடிக்கு முன்னால் குறுக்கே பாயலாம். அப்புறம் வைத்தால், அடி விழுந்த பிறகுதான் போக முடியும். மனைவியின் கதாபாத்திரம் இப்போது வைத்தியக்காரி. பிணத்துக்கு என்ன வைத்தியம் பார்ப்பது?

அவளுடைய பச்சைப் பொத்தான் அவள் முன்னால் இல்லை. கொழுந்தியாள் மேசைக்கடியில் குனிந்து தேடினாள். தரையிலும் காணோம்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“சட்டம், உங்க தாள்ல வெச்சாங்களா? நீங்க சொன்னா சரி.”

அவன் எதையும் பார்க்கவில்லை. டாக்டர் பகடையைக் குலுக்க ஆரம்பித்ததிலிருந்து அவன் கண் அந்தக் கையை விட்டு நகரவேயில்லை. பக்கத்துப் பையன் பார்த்து எழுதிவிடாமல் விடைத்தாளை மறைக்கிறவன் போல, கையை மடக்கித் தாளின் மேல் கவிழ்ந்து கிடந்தான்.

மனைவியைப் பார்த்தான். வைத்தேன் என்று அவள் சொல்லவில்லை. வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்து தொலையட்டும் என்றுதான் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. பொய் சொன்னால் அவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம், தங்கையின் முன்னால், டாக்டரின் முன்னால். உண்மையைச் சொன்னால் சாவிக்கு வேலை வந்துவிடும்.

இந்த மேசையில் அவன் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

“வெச்சா. நான் பாத்தேன்.”

தன் குரலை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. மனைவி மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் கையை நீட்டினார், தாளைக் காட்டச் சொல்லி. வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினான்.

தாளின் ஓரத்தில் பச்சைப் பொத்தான் இருந்தது.

அவன் கையைக் கவிழ்ப்பதற்கு முன்பே வைத்திருக்கிறாள். பகடை விழுவதற்கு ரொம்ப முன்னால். அதன் வட்டம் அவன் முன்னங்கையில் சிவப்பாகப் பதிந்தே போயிருந்தது.

கொழுந்தியாள் கைதட்டினாள். வைத்தியக்காரி குறுக்கே பாய்ந்துவிட்டாள், ஆட்டம் அடுத்த ஞாயிறு தொடரும் என்று சொல்லி டாக்டர் புத்தகத்தை மூடினார்.

மனைவி அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். இந்தக் குரலில் அவள் அவனிடம் பேசி எத்தனையோ நாளாயிற்று.

“நெஜமாவே பாத்தீங்களா?”

மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை, அந்தச் சிவப்பு வட்டம் மறைய மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.