வண்டிக்கு ஏது கட்டுப்பாடு?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காரு. காத்துச் சத்தத்துல பாதிப் பேச்சு போயிடும். இந்தக் கதையில பேச்சுதான் விஷயமே.

எங்க குப்பத்தை ஒட்டி, பழவேற்காடு ரோட்டு மேல சின்னதம்பியோட மெக்கானிக் கடை. அன்னிக்குக் காலையில துளசிங்கம் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்து நின்னான். வேர்த்து ஊத்துது. பின் சீட்டுல கட்டின பெட்டி நிறைய மீன்.

"சின்னதம்பி, செயின் அறுந்து போச்சு. கொஞ்சம் பாருப்பா."

சின்னதம்பி நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்லாம முதுகைத் திருப்பிக்கிட்டான்.

"ஐஸ் கரையுதுப்பா. பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போயாகணும்."

சின்னதம்பி குந்திக்கினு டியூபுக்குப் பஞ்சர் ஒட்ட ஆரம்பிச்சான்.

இன்னா மனுசன் இவன்னுதானே தோணுது? பொறு. ஏரியில யார் முறைக்கு யார் வலை போடறதுன்னு ஊர்க் கூட்டத்துல பேச்சு வந்தப்போ, துளசிங்கம் தலைவரையே கை நீட்டி ஏசிட்டான். ஆடித் திருவிழா வரைக்கும் அவன்கிட்டயும் அவன் வீட்டு ஆளுங்ககிட்டயும் யாரும் பேசக் கூடாது, அவன் மீனை ஊர்ல யாரும் வாங்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. மீறினவனுக்கும் அதே கதி. பொன்னேரிக்குக் கொண்டுபோய் வித்தாத்தான் அவனுக்குச் சோறு. வண்டி நின்னா அடுப்பும் நிக்கும்.

போதாத குறைக்கு, கட்டுப்பாடு போட்ட தலைவர் பிரபாகரன் அதே கடை பெஞ்சுல உக்காந்திருக்கார். அவர் வண்டிக்குப் பஞ்சர்.

துளசிங்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டியைத் திருப்பினான்.

அப்பத்தான் சின்னதம்பி எழுந்து வந்தான். வண்டியோட ஹெட்லைட்டைத் தடவிக் குடுத்தான்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா? அப்படி ஓரமா ஸ்டாண்டு போட்டு நில்லு, பாக்கறேன்."

துளசிங்கம் முழிச்சான். அப்புறம் சட்டுனு ஸ்டாண்டு போட்டான்.

சின்னதம்பி செயின் கவரைக் கழட்டினான். "அய்ய! செயின் மட்டுமா போச்சு? சக்கரப் பல்லெல்லாம் முள்ளு கணக்கா கூராயிடுச்சே. மீன் பெட்டி உப்புத் தண்ணி உன் மேலயே சொட்டுதா? உன்னை ஓட்டுற ஆளுக்கு அறிவு கீதா, இல்லையா?"

பக்கத்து டீக்கடையில டீ குடிச்சிட்டிருந்தவங்க சிரிச்சாங்க.

துளசிங்கமும் வண்டியைப் பார்த்தே பேசினான். "ஏம்மா, இன்னிக்கு செயினை மட்டும் மாத்திக்கினு ஓடக் கூடாதா? அவசரம்னு சொல்லேன்."

"தேஞ்ச பல்லு புதுச் செயினையும் கடிச்சுத் துப்பிடும்னு சொல்லும்மா உன் ஆளுகிட்ட. முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட், செயின், மூணையும் ஒண்ணா மாத்தணும். மீனு கெட்டுடும்னு பயந்தா, அதோ எதிர் ஐஸ் கம்பெனி வாசல்ல ஐஸ் கீது. அள்ளிப் போட்டுக்கச் சொல்லு."

"சின்னதம்பி!"

தலைவர் குரல். சிரிப்பு நின்னு போச்சு.

"ஊர்க் கட்டுப்பாடு மறந்து போச்சா?"

"நான் எங்க தலைவரே அவன்கிட்ட பேசினேன்? வண்டிகிட்டல்ல பேசினு கீறேன். கூட்டத்துல வண்டி பேரைச் சொன்னீங்களா?"

தலைவர் பெஞ்சுலயே சாஞ்சு உக்காந்தார். மத்தவங்க டீ டம்ளருக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டாங்க.

பின் சக்கரம் கழண்டுச்சு. பழைய பல்லுச் சக்கரம் போய்ப் புதுசு ஏறிச்சு. செயினை மாட்டி, தொய்வு பார்த்து, ஆயில் விட்டு, சக்கரத்தை ஒரு சுத்து சுத்திவிட்டான் சின்னதம்பி. சத்தமே இல்லாம ஓடுச்சு.

"பெட்டிக்கு அடியில ஒரு டியூபைச் சொருகி, தண்ணியை ரோட்டுல விடச் சொல்லும்மா. உன் மேல வேணாம்."

துளசிங்கம் வண்டியில ஏறப் போனான். தலைவர் பெஞ்சை விட்டு எழுந்தார். விறுவிறுன்னு வண்டிக்கு முன்னால வந்து நின்னார்.

போச்சுடா, சாவியைப் பிடுங்கப் போறார்னு எல்லாரும் நினைச்சாங்க. துளசிங்கமும்தான்.

தலைவர் குனிஞ்சார். ஹெட்லைட்டைப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... உங்க வீட்ல உன் ஆளைக் கட்டிக்கினு வளர்மதின்னு என் கூடப்பொறந்த தங்கச்சி ஒருத்தி கீறா. தீர்ப்பு சொன்ன வாயால அவளைக் கூப்பிட முடியல. உன்னை அவ வாசல்லதானே நிறுத்தறாங்க? சாயங்காலம் வரட்டுமா? உன்னைப் பாக்கத்தாம்மா."

துளசிங்கம் ஹேண்டில்பாரைப் பிடிச்சபடி அப்படியே நின்னான்.

சின்னதம்பி, கிரீஸ் கையை நீட்டி, ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினான்.