இன்னொரு டேக்

“கல்யாணம்னு ஒண்ணு பண்ணினா அவனத்தான் பண்ணிக்குவேன், அப்பா.”

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவனயும் சாப்பிடக் கூட்டிட்டு வாடா. உங்கம்மா சமையலத் திட்டறதுக்கு எனக்கும் ஒரு துணை வேணும்.”

திரையில் மாமாவாக நடித்தவருக்குப் புரையேறியது. மொத்தக் குடும்பமும் சிரித்துக்கொண்டே அழுதது. டப்பிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயக்குநரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஓகே என்று அவள் வாயெடுப்பதற்குள் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனில் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினான். “லிப் சிங்க் ஆகல சார். இன்னொரு டேக் போகலாம்.”

திரையில் அப்பாவாக நடித்தவருக்கு மொழி தெரியாது. அவருக்குக் குரல் கொடுக்கத்தான் பெரியவரைக் கூப்பிட்டிருந்தாள். கூட்டத்தில் கத்துகிற குரல், கதவைத் தட்டுகிற போலீஸ் குரல் என்றே காலம் தள்ளியவர். முழுசாக ஒரு வேடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. மதியத்துக்குள் சரிவராவிட்டால் ஆளை மாற்றும்படி தயாரிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இன்ஜினியர் வேலை தெரிந்தவன்தான். பெரியவர் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்பே வலப்பக்கச் சத்தத்தைக் கூட்டிவைத்தான். அவருக்கு இடது காது மந்தம் என்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் இந்த ஒரு வசனத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறான்.

“‘வாடா’ கொஞ்சம் முந்துது சார்.”

“‘துணை’ல மூச்சு விழுது சார். இன்னொண்ணு.”

ஒவ்வொரு தடவையும் “சரிங்க சார்” என்றார் பெரியவர். மறுபடி சொன்னார். குரல் கட்டிக்கொண்டே வந்தது.

இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. “வயசானவரப் போட்டு எதுக்கு இப்பிடி வாட்டறீங்க? ஏதாவது முன்பகையா?”

“வேலை சுத்தமா இருக்கணும் மேடம்,” என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அடுத்த டேக்கில் பெரியவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினார்.

அவள் உள்ளே ஓடினாள். “தண்ணி குடிங்க சார். சாயங்காலம் வரைக்கும் நான் டைம் கேட்டு வாங்கறேன்.”

“வேற ஆளப் பாத்துக்கோங்கம்மா.”

“இந்த வேஷத்த விட்டா திரும்பக் கிடைக்குமா சார்?”

“கிடைக்காது. ஆனா இந்த வார்த்த எனக்கு வராதும்மா. வர வேண்டிய காலத்துலயே வரல.”

வராந்தா பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

ஸ்டாண்டில் தொங்கிய ஹெட்போன் மெல்ல இரைந்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் தலைகுனிந்தபடி அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தான்.

“மொதல் டேக்லயே வந்துருச்சு, அப்பா.”