பார்த்தா பயப்படணும்

“ரெண்டு கையையும் தூக்கு!” துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அதட்டினாள் நூரீன்.

இனியவன் வெலவெலத்துப்போய்க் கையைத் தூக்கினான். அந்தத் துப்பாக்கியை அவளிடம் கொண்டுவந்தவனே அவன்தான். அது பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட் பொம்மை என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் தூக்கினான்.

“பயந்துட்டீங்கல்ல தம்பி? அப்ப தோற்றத்துக்குப் பத்துக்கு ஒம்போது!” என்று குதூகலமாக நோட்டில் எழுதினாள்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் சினிமாக்காரர்களுக்குப் போலீஸ் தொப்பி, கைவிலங்கு, பொம்மைத் துப்பாக்கி எல்லாம் வாடகைக்கு விடுவது நூரீனின் தொழில். துப்பாக்கிகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, குற்றம் குறை சொல்லி வீடியோவும் போடுவாள். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் ஒருவன் இன்று நேரிலேயே வந்து, “அக்கா, நீங்க பாத்து சொன்னாத்தான் சரியா இருக்கும்” என்று நின்றதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துக் காய்கறிக்கடைத் தராசில் துப்பாக்கியைக் கத்தரிக்காய்க்குப் பதிலாக ஏற்றினாள். மூணரைக் கிலோ. “அடேயப்பா, அசல் எடை!” துப்பாக்கியின் பின்கட்டையைத் தட்டிப் பார்த்தாள், நிஜ மரம். குழலைப் பிடித்து ஆட்டினாள், இம்மி அசையவில்லை. “திருகாணிதான் பளபளன்னு காட்டிக் குடுக்குது. கறுப்பு அடிச்சுடுங்க. உறுதிக்கும் ஒம்போது.”

அடுத்தது சுடும் பரீட்சை. ஸ்டூல் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துக் குறிபார்த்து அழுத்தினாள். குண்டு வளைந்து போய், சுவரில் தொங்கிய டி.எஸ்.பி. தொப்பியில் ‘டொக்’கென்று பட்டது.

“இதுல மூணு மார்க்குக்கு மேல தேறாது தம்பி.”

“சுட வேணாங்க்கா. பார்த்தா பயப்படணும், அவ்ளோதான்” என்றான் இனியவன். “ஆமா, இத நாள் பூரா தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா வலிக்குமா?”

“பட்டையை அகலமாப் போட்டா வலிக்காது. எந்தப் படத்துக்கு?”

“சும்மா பார்வைக்குத்தாங்க்கா” என்றவன், போன் அடிக்கவும் வாசல் பக்கம் நகர்ந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். நூரீனுக்குக் காது கொஞ்சம் கூர்மை.

“முடிஞ்சுதுங்க. பொம்மைன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாதாம். நாலு மணிக்குக் கிருஷ்ணசாமி நகைக்கடை மறுபடி தொறக்கறதுக்குள்ள துணியில சுத்தி எடுத்தாந்துடறேன். பின்வாசலாலயே வந்துடறேன், யாருக்கும் டவுட் வராது.”

கறுப்புப் பெயிண்ட் வாங்க வேண்டும் என்று சொல்லி அவன் துப்பாக்கியோடு பைக்கில் பறந்துவிட்டான். நூரீன் நோட்டில் போட்ட மார்க்கைத் திரும்பப் பார்த்தாள். யா அல்லாஹ்! கொள்ளைக்குப் போகிறவனுக்கு, திருகாணிக்குக் கறுப்பு அடிக்க வேறு சொல்லிக்கொடுத்தாயிற்றே!

மணி மூன்று நாற்பது. போலீசுக்குச் சொல்லி அவர்கள் வந்து சேர்வதற்குள் கடை திறந்துவிடும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். பூக்காரர்கள் நடுவே புகுந்து ஓடியதில் ஒற்றைச் செருப்பு வார் அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினாள்.

நகைக்கடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வாசலில் காவலாளி காத்தவராயன் முறுக்கிய மீசையும், தோளில் துப்பாக்கியுமாக மலைபோல நின்றிருந்தார். அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும்தான் நூரீனுக்கு மூச்சே வந்தது. அசலுக்கு உள்ள களையே தனி!

உள்ளே முதலாளி கிருஷ்ணசாமி ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, கடையைத் தொறக்காதீங்க! ஒருத்தன் பொம்மைத் துப்பாக்கியோட பின்வாசல்ல வரப்போறான்! நான்தான் பாவி, அத அசல் மாதிரியே இருக்குன்னு சொல்லிட்டேன்!”

கிருஷ்ணசாமியின் கை ஊதுபத்தியோடு நின்றது. “நீங்கதான் அந்த வீடியோ போடற அம்மாவா?”

“ஆமாங்கய்யா.”

“எத்தன மார்க் போட்டீங்க?”

“தோற்றத்துக்கு ஒம்போது, உறுதிக்கு ஒம்போது. இப்ப அதுவாங்க முக்கியம்?”

முதலாளியின் முகம் மலர்ந்தது. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“காத்தவராயா, தோள்ல இருக்கற அந்தப் பழைய பொம்மையக் கழட்டு! உன் புதுத் துப்பாக்கி பாஸாயிடுச்சுய்யா!”