பெண்ணு ஹேகிதே?

“பெண்ணு ஹேகிதே?” என்று சேஷகிரி கேட்டதும் ரகுராமுக்குக் குப்பென்று வியர்த்தது.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டது பரவாயில்லை. இன்றைக்குத் தாரணி பக்கத்திலேயே நிற்கிறாள்.

மனுஷனுக்குக் கண் இல்லையா? பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்களா, அதுவும் தெருக்கோடி வரை கேட்கிற குரலில்!

காக்ஸ் டவுனில் இருக்கும் கன்னடக்காரர் சேஷகிரியின் நாட்டு மருந்துக் கடைக்கு ரகுராம் வர ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. முப்பது வயதிலேயே முதுகெலும்பைப் பிடித்துக்கொண்ட வாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு முதுகு பலகைதான்; குனிந்து ஷூ மாட்ட முடியாது.

டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆரணியிலிருந்து அம்மா போனில் படுத்திய பாட்டில் முடக்கத்தான் கஷாயமும் சேர்ந்துகொண்டது. டாக்டரிடம் கஷாயச் சரக்குகளின் பட்டியலைக் காட்டினான். குடி, ஆனால் என் மாத்திரையை நிறுத்தினால் தெரியும் சேதி என்றார் அவர்.

அம்மாவுக்காக மட்டும் அவன் குடிக்கவில்லை. தாரணிக்காகவும்தான்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்ட அதே மூச்சில் முதுகு விஷயத்தையும் சொல்லிவிட்டான். மறைத்துக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. இது முழுசாகப் போகாது, கட்டுக்குள்தான் வைக்கலாம் என்பதையும் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் தாரணி.

அவள் யோசித்து முடிப்பதற்குள் எப்படியாவது முதுகைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கசப்பை மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

இந்தக் கதை முழுவதையும் முதல் நாளே தமிழும் இங்கிலீஷுமாகச் சேஷகிரியிடம் கொட்டியாயிற்று. அடுத்த வாரம் போனதும் அவர் கேட்டார், பெண்ணு ஹேகிதே? முன்பின் தெரியாதவனிடம் இவ்வளவு அக்கறையா என்று ரகுராம் உருகிப்போனான்.

ஹாகே இதே என்றான். அப்படியேதான் இருக்கிறது. ஆபீசில் நடந்த கன்னட வகுப்பில் ஆண்பால் பெண்பால் எதுவும் அவனுக்கு ஏறவில்லை, எல்லாமே ‘இதே’தான்.

சேஷகிரி உச்சுக்கொட்டிவிட்டுச் சுக்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார்.

இன்னொரு வாரம், துளியும் வளைந்து கொடுக்கவில்லை என்று புலம்பினான். பலவந்த மாடபேடி என்றார் அவர். பலவந்தம் கூடாது, தினமும் காலையில் வாக்கிங் போங்கள்.

அதுவும் சரிதான் என்று மறுநாளே தாரணியை அல்சூர் ஏரிக்கு நடக்கக் கூப்பிட்டான். வந்தாள். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாள். இவன் விறைப்பாக நடக்கிற முதல் சுற்றில் அவளும் மெதுவாக நடந்தாள். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

போன வாரம் கேட்டபோது, காலையில் கொஞ்சம் முறைப்பு, நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது என்றான். சேஷகிரிக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி சூடாக எண்ணெய் தடவி நன்றாக நீவிவிடுங்கள் என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் ரகுராமுக்கு அவர்மேல் லேசாகச் சந்தேகம் வந்தது.

இன்று ஏரியைச் சுற்றி முடித்ததும், கடைக்கு நானும் வருகிறேன் என்று தாரணியாகத்தான் சொன்னாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

“பெண்ணு ஹேகிதே?” சேஷகிரி விடுவதாக இல்லை. எண்ணெய் தடவினீர்களா என்று வேறு சேர்த்துக் கேட்டார்.

ரகுராம் தாரணியின் காதோரம் கெஞ்சினான். “தப்பா எடுத்துக்காத. நீ எப்படி இருக்கேன்னுதான் கேக்கறாரு. எண்ணெய் பாட்டில நான் தொடக்கூட இல்ல!”

தாரணி ஒரு கணம் முழித்தாள். மூன்று தலைமுறையாக ஆஸ்டின் டவுனில் இருக்கிற வீட்டுப் பெண். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். விஷயம் பிடிபட்டதும் கல்லாமேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள்.

“ஐயோ ரகு! பொண்ணுன்னா இங்க ஹெண்ணு. அவரு கேக்கறது பென்னு. உன் முதுகு!”

ரகுராம் ஏழு வாரத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். சுக்கு, வாக்கிங், எண்ணெய் பாட்டில். இவன் பெண்ணைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் பாவம், முதுகுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். மானம் போனாலும் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சேஷகிரி பொட்டலமும் கையுமாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பதில் சொன்னது தாரணிதான், துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“பென்னு ஹாகே இதே, சார். ஹெண்ணு ஒப்பிதாளே.”

முதுகு அப்படியேதான் இருக்கிறது. அது ரகுராமுக்கும் தெரியும்.

கடைசி வார்த்தை மட்டும் கன்னட வகுப்பில் வந்ததே இல்லை. அதை அவனுக்கு யாரும் தமிழில் சொல்லவேண்டியிருக்கவில்லை.