மைனா சொன்ன முதல் பெயர்

கிழிந்த கூடுகளை இலை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுக்கும் தையல்சிட்டுக்கு அந்தக் காட்டில் வேலையே வரவில்லை. யாருக்கு எது வேண்டுமென்றாலும் ஆலமரத்து மைனாவிடம்தான் கேட்பார்கள். மைனா முதலில் யார் பெயரைச் சொல்கிறதோ, அவர் வீட்டு வாசலில்தான் கூட்டம்.

அந்தச் சமயம் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது ஓர் அணில். "மைனா வாயில உங்க பேரை முதல் பேரா வர வைக்கிறேன் அக்கா. நீங்க சேர்த்து வச்சிருக்கிற இலவம் பஞ்சைக் கொடுத்துடுங்க, போதும்."

பிறக்கப்போகும் குஞ்சுகளுக்காகச் சேர்த்த பஞ்சு அது. சிட்டு தயங்கியது.

"நம்பிக்கை இல்லையா? இப்பவே பாருங்க" என்ற அணில் மைனாவிடம் ஓடி, "தையல்சிட்டு எங்கே?" என்று கேட்டது.

"தையல்சிட்டா, பூவரச மரத்துல" என்றது மைனா.

"கேட்டீங்களா? முதல் பேரே நீங்கதான்."

பஞ்சை எடுக்கத் திரும்பிய சிட்டு பாதியில் நின்றது. அணில் என் பெயரைச் சொல்லித்தானே கேட்டது? கூடு கிழிந்து தவிப்பவனுக்கு என் பெயர் எப்படித் தெரியும்? சிட்டே மைனாவிடம் பறந்து போய், "கூடு கிழிஞ்சு போச்சு, யார்கிட்ட போகட்டும்?" என்றது.

"அந்த வேலை செய்யிற யாரையும் நான் பார்த்ததில்லையே."

"இப்ப பாரு" என்ற சிட்டு, அதே ஆலமரத்தில் கிழிந்து தொங்கிய ஒரு கூட்டை மைனாவின் கண்ணெதிரே தைத்து முடித்தது. அணிலுக்கு ஓர் இழை பஞ்சுகூடப் போகவில்லை.

ஆடிக் காற்று வீசியது. பூவரச மரத்தடியில் பெரிய வரிசை. அதன் கடைசியில், பிய்ந்த கூட்டோடு அணில்.

"உன்னை யார் அனுப்பினது?" என்றது சிட்டு.

வாலை ஆட்டாமல் சொன்னது அணில்: "மைனாதான் அக்கா. முதல் பேரே உங்க பேரைத்தான் சொல்லிச்சு."