கேட்கும் காது

“எங்கெங்க அடிபட்டுச்சு, சொல்லுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாள் மெடிக்கல் கோடர்.

“ஏம்மா கத்துறே? எனக்கு நல்லாத்தான் கேக்குது” என்று எதிரே இருந்த அம்மாள் சிரித்தாள்.

தீவிரவாதிகள் குண்டு வைத்த விமானம் அது. யார் வைத்தார்கள் என்று இன்னும் துப்புக் கிடைக்கவில்லை. பிழைத்து வந்தவர்களின் தீராத பாதிப்புகளுக்கு ஒவ்வொன்றாக மருத்துவக் குறியீடு போடுவது கோடரின் வேலை. இதுவரை வந்த அத்தனை பேருக்கும் செவிப்பறை கிழிந்திருந்ததால், கத்துவதே பழக்கமாகிவிட்டது.

“கைதான் மடங்காது. என் காதைக் காப்பாத்துனது இவரு” என்று அம்மாள் பக்கத்திலிருந்த கணவரின் முழங்காலைத் தட்டினாள். “பாவம், இவருக்கு ரெண்டு காதும் போச்சு.”

பேச்சு எதுவும் எட்டாத கணவர் பொதுவாகச் சிரித்து வைத்தார்.

“நாங்க நடுவுல விமானம் நிக்கிற ஊர்லயே இறங்க வேண்டியவங்க. அன்னிக்குன்னு பார்த்து விமானம் லேட்டு. அங்க தரையிறங்கி நின்னப்புறமும் கதவைத் திறக்கல. இவரு வாட்சைப் பாக்குறாரு, எந்திரிக்கிறாரு, வேர்த்துக் கொட்டுது. பின்னாடி வச்ச பையைக்கூட என்னை எடுக்க விடல. திடீர்னு என் தலையை மடியில அமுக்கி, ரெண்டு காதையும் பொத்திட்டாரு.”

கணினியில் தட்டிக்கொண்டிருந்த கோடரின் விரல்கள் நின்றன.

“வெடிச் சத்தம் கேட்டதும் பொத்தினாராம்மா?” இந்த முறை கோடர் கிசுகிசுத்தாள்.

“கேட்டப்புறம் பொத்தி என்ன புண்ணியம்? அதுக்கு முந்தியே பொத்திட்டாரு.”

கணவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கோடரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரின் சிரிப்பு மெல்லக் காணாமல் போனது.

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.